இரண்டாம் கணு வரை

நாற்பது சென்ட் நிலம்.
புது ஆற்றில் தண்ணீர் வந்தால் இது ஒரு ஊர்,
வராவிட்டால் வேறொரு ஊர்.
இரண்டுக்கும் நடுவில் என் தக்காளி.

"சோறு போடுற மண்ணுல
ரசத்துக்கு நடுறியாக்கும்"
என்றார் உத்திராபதி.
வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய சம்பாவில்
கணுக்கால் அளவு வானம் நின்றது.
இந்தப் பக்கம் நான்
சுட்டுவிரலை மண்ணுக்குள் விட்டபடி குந்தியிருந்தேன்.

முதல் கணு வரை காய்ந்திருந்தால் பேசாமல் இரு.
இரண்டாம் கணுவும் காய்ந்தால் மோட்டாரைப் போடு.
எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.
முந்நூறு செடி வேரழுகிச் செத்துச் சொன்னது
போன வருஷம்.
அந்தக் கடன் இன்னும் சொசைட்டியில் நிற்கிறது.

மத்தியானத்தில் இலை துவளும்.
அது பாசாங்கு.
கணக்குப் பரீட்சையன்று என் சின்னவன்
வயிற்றைப் பிடித்துக்கொள்வானே, அந்த மாதிரி.
அந்திக்குத் தானே நிமிர்ந்துவிடும்.
விடியலிலும் தலை தொங்கினால்தான் தாகம்.

போர் பொது.
ஒரு ராத்திரி எனக்கு,
ஒரு ராத்திரி ஓர்ப்படி தையல்நாயகிக்கு.
பதினொன்றுக்கு மும்முனைக் கரண்ட் வரும்.
அவள் கடலைக்கு விடிய விடியப் பாய்ச்சுவாள்.
நான் ஒன்றரை மணி நேரத்தில்
வால்வைத் திருகி அவள் பக்கம் விட்டுவிடுவேன்.
"மீதியை என்ன கணக்குல எழுதுவ?"
சந்தேகப்பட்டாள்.
உன் ராத்திரியில் எனக்கு முக்கால் மணி,
என் ராத்திரியில் முக்கால் மணி,
மிச்சமெல்லாம் உனக்கு என்றேன்.
தினம் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான்
இந்தச் செடிக்கு.
அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
திரும்ப எண்ணினாள்.

செல்போன் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக நடப்பேன்.
இங்கே அணில் கடித்த குழாய்,
அங்கே உப்படைத்த துளை.
ஊக்கால் குத்தக் கூடாது, வாய் பெரிதாகிவிடும்.
வைக்கோலைத் தூக்கிப் பார்த்தால்
அடியில் ஈரம் குட்டிபோட்ட பூனைபோல் ஒடுங்கிக் கிடக்கும்.
மூடிவிட்டு நகர்வேன்.

மார்கழியில் டிரான்ஸ்பார்மர் எரிந்தது.
லைன்மேன் ஆரோக்கியசாமி எட்டு நாளும்
"நாளைக்கு" என்றே சொன்னார்.
ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தபோது
எனக்கு மனசு கேட்கவில்லை.
பட்டினி போட்ட கையாலேயே விருந்து வைத்தேன்,
விடியும்வரை.

காலையில் பழுத்ததெல்லாம்
காம்பைச் சுற்றி வெடித்திருந்தது.
அடுத்த வாரம், காயின் அடியில்
செருப்புத் தோல்போலக் கறுப்பு.
பதினோரு கூடை.
ஒரத்தநாட்டுச் சந்தையில் தரகர்
ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்,
விலை சொல்லாமலே கீழே வைத்தார்.

பிறகு மறுபடியும் முக்கால் மணி.
மறுபடியும் விரல்.
பூ நின்றது, பிஞ்சு பிடித்தது,
நான்காம் பறிப்பில் போன வருஷத்துக் கடனில் பாதி அடைந்தது.
சொட்டை எண்ணுகிறவள் என்று
தெருவில் பேர் வைத்தார்கள்.
இருக்கட்டும்.

மாசி பிறக்க இரண்டு நாள் இருக்கையில்
கூப்பிடாமல் வந்தது மழை.
நடுச்சாமம். மண்வெட்டியோடு ஓடினேன்.
இத்தனை நாளாய் உள்ளே அழைத்த தண்ணீரை
வெளியே போ, போ என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரப்பை வெட்டினேன்.
மின்னலில் தெரிந்தது:
அந்தப் பக்கம் உத்திராபதியும் வெட்டிக்கொண்டிருந்தார்,
சாய்ந்து கிடந்த கதிருக்கு நடுவே, வேட்டி மண்ணாகி.
பேசிக்கொள்ளவில்லை.
அவர் தண்ணீரும் என் தண்ணீரும்
ஒரே வடிகாலில் விழுந்தன.

விடிந்ததும் விரலை விட்டேன்.
மூன்றாம் கணுவும் உள்ளே போனது.

வரப்போரம் வந்து நின்றார்.
"வெடிச்சது இருந்தா குடு.
ரசத்துக்குத்தானே."
ஒரு கூடை கொடுத்தேன். காசு நீட்டினார்,
பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றிரவு பதினொன்றுக்குச் சரியாகக் கரண்ட் வந்தது.
நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.